மண்சாட்சி

கொல்லிமலையின் முதுகில் வெளிச்சம் ஏறுவதற்கு முன்பே ரோட்டுவேலையில் கடப்பாரைச் சத்தம் ஏறிவிடும். எருமப்பட்டிக்குக் கிழக்கே, மழை பெய்தால் வண்டி அச்சுவரை புதையும் தாழ்ந்த நிலத்தில், சர்க்கார் ரோட்டுக்கு மண்ணடித்துக் கரை உயர்த்தும் வேலை. ஐப்பசி மழையைக் குடித்துக் கொழுத்த களிமண். கடப்பாரை ‘சளக்’கென்று உள்ளே போகும், திரும்பி வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். சடையன் இரண்டு காலையும் அகட்டி நின்று, முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகப் புடைக்க அதை நெம்பி எடுப்பான். பெயர்ந்த மண்ணை அவன் பெண்சாதி மாரக்காள் கூடையில் வாரி, சும்மாட்டின்மேல் ஏற்றி, வழுக்கும் கரையில் கால் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி ஏறுவாள். ஈரமண்ணின் கனத்தில் அவள் கழுத்து பாதி தோளுக்குள் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு ரோடு போட்டால் தலை நேராக இடுப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அவளே சொல்லுவாள்.

இடுப்பிலும் இடமில்லை. அங்கே மூன்று வயது ராசம்மாள் இருந்தாள். பிள்ளையைக் குடிசையில் விட்டுவிட்டு வரலாமே என்றால் மாரக்காள் கேட்கமாட்டாள். யாரிடம் விடுவது? யாரை நம்புவது?

மாரக்காளின் சந்தேகம் கொல்லிமலை அடிவாரம் முழுக்கப் பிரசித்தம். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் காயை விட்டுவிட்டுக் காம்பை விசாரிப்பாள். பூசாரி திருநீறு கொடுத்தால் நெற்றியில் இடுமுன் முகர்ந்து பார்ப்பாள். கல்யாணத்தன்று தாலி கட்டியதும் சடையன் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தவள் அவள். பொழுது கொஞ்சம் முன்னால் கிளம்பிவிட்டால்கூட, “காண்ட்ராக்டரு அதுக்கும் என்னமோ குடுத்திருப்பான்” என்பாள்.

அப்படிப்பட்டவள் தினமும் கூடையைத் தொடுமுன் செய்யும் முதல் வேலை, தன் பள்ளத்துச் சாட்சியைப் போய்ப் பார்ப்பது.

கரைக்கு மண் வெட்டும்போது ரோட்டோரத்தில் குடும்பத்துக்கு ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில் ஒரு தூண் மண்ணை மட்டும் வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அதன் உச்சியில் பழைய தரையின் புல் அப்படியே இருக்கும். அதற்குத்தான் சாட்சி என்று பெயர். அளக்க ஓவர்சீயர் வரும்போது, ‘தரை இந்த உயரத்தில் இருந்தது, இவர்கள் இவ்வளவு ஆழம் தோண்டினார்கள்’ என்று அந்தத் தூண்தான் சொல்லும். கூலி அதை வைத்துத்தான். உச்சியில் புல் எதற்கு? மேலே மண்ணை அப்பிச் சாட்சியை வளர்த்துவிடுவார்கள் என்று காண்ட்ராக்டருக்குச் சந்தேகம். ஆளை விட்டு உச்சியைச் சீவிவிடுவான் என்று இவர்களுக்குச் சந்தேகம். இரண்டு சந்தேகத்துக்கும் நடுவே ஒரு கொத்து அறுகம்புல் காவல் நின்றது.

ஆனால் அளக்கத்தான் யாரும் வரவில்லை. காண்ட்ராக்டர் மருதாசலம் தன் பிளசர் காரில் வருவான். கார் வருவதற்கு முன் அதன் இருமல் வரும். “ஓவர்சீயரு வரோணுமப்பா. மழை விடட்டும்” என்பான். கூலிக்குப் பதிலாக ஆளுக்குக் கொஞ்சம் கம்பு அளந்து போடச் சொல்லிவிட்டுப் போவான். அந்தக் கம்பும் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தது. மழையோ கொழுத்துக்கொண்டே வந்தது. பள்ளமெல்லாம் நிரம்பி, சாட்சிகள் தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, குளிக்கப் போய்த் துணியைத் தொலைத்தவர்கள்போல வெட்கப்பட்டு நின்றன.

முன்பெல்லாம் அந்தத் தாழ்ந்த நிலத்துத் தண்ணீர் ஓடை வழியாக வடிந்துவிடும். ரோடு அந்த ஓடையைக் கடக்கும் இடத்தில் கல்பாலம் கட்டவேண்டும் என்பது சர்க்கார் ஏற்பாடு. மருதாசலம் பாலத்துக்கு இன்னும் ஒரு கல்லைக்கூட இறக்கவில்லை. ஓடைவாயை மண்ணடித்து மூடி, அதன்மேலேயே காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

தண்ணீர் தேங்கிய பின்னால்தான் குடிசைகளுக்குள் குளிர்காய்ச்சல் நுழைந்தது. ஒருநாள் உலுக்கும், மறுநாள் விடும், அடுத்த நாள் திரும்பி வந்து கதவைத் தட்டும். வயதில் மூத்த மண்வெட்டிக்காரர் சென்றாயன் நடுங்கிய நடுக்கத்தில் கூரையிலிருந்த பல்லி கைநழுவிக் கீழே விழுந்தது. அவர் பக்கத்தில் வைத்திருந்த மோரில் வெண்ணெய் திரண்டது. வெண்ணெயை யார் தின்றது என்று ஒரு சண்டையும் நடந்தது.

பெரியவர்களின் நடுக்கத்தை வைத்துச் சிரிக்க முடிந்தது. பிள்ளைகளுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று. இடப்பக்கம் வயிற்றில் கட்டி வைத்து, கண் வெளுத்து, உதடு உலர்ந்து, குழந்தைகள் கிழவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் குடிசை அத்தாயியின் ஒரே மகன் காய்ச்சலிலேயே கண்ணை மூடிவிட்டான். ஓடைக்கரையில் அவனைப் புதைத்த மறுநாள் அத்தாயி கூடை தூக்க வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் நின்று பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து பெண்கள் தங்கள் குழந்தைகளை முந்தானைக்குள் மறைத்தார்கள். எல்லோரையும்விட இறுக்கமாக மறைத்தவள் மாரக்காள்.

இந்த நிலைமையில்தான் சைக்கிளில் ஒரு மனிதர் வந்து இறங்கினார். காக்கி நிஜார், தலையில் தொப்பி, பின்னால் ஓர் எண்ணெய் டின், தோளில் பை. கையில் நீளக் காம்பு வைத்த ஒரு கரண்டி. இறங்கியவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பள்ளத்து விளிம்பில் குந்தி, கரண்டியால் தண்ணீரை மொண்டு மொண்டு உற்றுப் பார்த்தார்.

“ஏனுங்க, ரசம் கொதிச்சுப்போச்சுங்களா?” என்றார் சென்றாயன்.

வந்தவர் சிரிக்கவில்லை. “நான் காச்சல் தடுக்கற சர்க்கார் ஆளுங்க. பேரு செங்கோடன். இங்க பாருங்க. தண்ணி மேல துரும்பாட்டப் படுத்திருக்குதே, இது கொசுப்புழு. இந்தக் கொசு கடிச்சுத்தான் உங்க கொழந்தைகளுக்குக் குளுருகாச்சல் வருது.”

“கொசு எத்தத்தண்டி, காச்சல் எத்தத்தண்டி?” மாரக்காள் கூடையை இறக்கி வைத்தாள். “ஆனையாட்டம் இருக்கற மனுசனையே தூக்கிப் போடுது அந்தக் காச்சல். அதையப் போயி ஒரு கொசு தூக்கிட்டு வருதாக்கும்?”

“ஆமாங்க அம்மிணி. பொழுது எறங்குனா வரும்.”

“உங்களை யாரு அனுப்புனது?”

“சர்க்காருங்க.”

“சர்க்காரு எங்களுக்கு அளக்கறதுக்கே ஆளு அனுப்பல. கொசுவுக்கு ஆளு அனுப்புதா?”

இதற்குள் கார் இருமிக்கொண்டு வந்து நின்றது. மருதாசலம் இறங்கி, செங்கோடன் சொன்னதைத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். பள்ளத்தை எல்லாம் மூடிவிட்டால் நல்லது, அதுவரைக்கும் தண்ணீரின்மேல் எண்ணெய் ஊற்றவேண்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சலை அடக்கும் கொய்னா மாத்திரை கொடுக்கவேண்டும் என்றார் செங்கோடன்.

“அதுக்கென்னங்க! நாளைக்கே மூடிப்போடலாம்!” மருதாசலத்தின் முகம் விளக்கு ஏற்றியதுபோல மின்னியது. “கொழந்தைங்க உசுரைவிடவா?”

மாரக்காளின் தலைமுடி நட்டுக்கொண்டது. சும்மாடே ஒரு விரக்கடை உயர்ந்துவிட்டது. பிள்ளை செத்த வீட்டுக்கு ஒரு பிடி கம்பு கூடுதலாகப் போடச் சொல்லாதவன், இன்றைக்குக் கொழந்தை என்கிறான், உசுரு என்கிறான்.

“அளக்காமயே மூடறதுங்களா எசமாங்க?” என்றாள்.

“அளவு எங்க புள்ள போயிரும்? எல்லாம் எம்மனசுல இருக்குது.”

“அதுக்குள்ள எறங்கி யாருங்க அளக்கறது?”

கூட்டம் சிரித்தது. மருதாசலமும் சிரித்துவிட்டுக் காரில் ஏறினான். அவன் சிரித்ததும் கூட்டம் பள்ளங்களைத் திரும்பிப் பார்த்தது. பள்ளத்தை மூடினால் சாட்சி புதைந்தது. சாட்சி புதைந்தால் அவன் சொன்னதுதான் அளவு. இந்தக் கரண்டிக்காரன் காண்ட்ராக்டரின் ஆள்!

செங்கோடன் எண்ணெய் டின்னைத் திறந்ததுதான் தாமதம். டின் ஒரு பக்கம் உருண்டது, தொப்பி ஒரு பக்கம் பறந்தது. அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றை மாரக்காள் நாக்கில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கசப்பு, செத்துப்போன அவள் பாட்டனுக்கே கசந்திருக்கும். “வெசமுங்க! வெசம்!” என்று கத்தினாள். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். செங்கோடன் சைக்கிளை ஓட்டினாரா, சைக்கிள் அவரை ஓட்டியதா என்று சொல்வதற்கில்லை. எருமப்பட்டியில் போய்த்தான் இரண்டும் மூச்சு வாங்கின.

அன்றுமுதல் பள்ளத்துக்கு முறைபோட்டுக் காவல். மண் தள்ள வந்த காண்ட்ராக்டர் ஆட்களைப் பெண்கள் கூடையாலேயே துரத்தினார்கள். பள்ளமும் பத்திரமாக இருந்தது, தண்ணீரும் பத்திரமாக இருந்தது, கொசுவும் பத்திரமாக இருந்தது.

ஒருநாள் உச்சிப்பொழுதில் மாரக்காள் இடுப்பிலிருந்த ராசம்மாள் தந்தி அடிப்பதுபோலப் பல் கிடுகிடுக்க நடுங்கினாள். தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “அம்மா, குளுருது” என்றாள். வெயிலோ மண்டையைப் பிளந்தது.

சடையன் தன் வேட்டியை அவிழ்த்துப் போர்த்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் சாக்கு, கோணி, கிழிந்த துப்பட்டி என்று கொண்டுவந்து போட்டார்கள். அத்தனை துணிக்கு அடியிலும் அந்தக் கோழிக்குஞ்சு உடம்பு துள்ளியது. பிறகு நெருப்பாய்க் கொதித்தது. நெற்றிக்கு ஈரத்துணி போட, மாரக்காள் துணியை எடுத்துக்கொண்டு தன் பள்ளத்தில் இறங்கினாள். கால் வழுக்கியது. விழாமல் இருக்கச் சாட்சியைக் கட்டிப்பிடித்தாள்.

கை உள்ளே போயிற்று.

தண்ணீருக்கு மேலே தலையும் புல்லும் ராஜாமாதிரி இருந்தன. தண்ணீருக்குக் கீழே இடுப்பே இல்லை. களிமண் கரைந்து கரைந்து, தொடையளவு இருந்த தூண் மணிக்கட்டளவு ஆகியிருந்தது. அவள் பிடித்த பிடியில் உச்சிப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. மாரக்காள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிரசவம் பார்ப்பவள்போல மெதுவாகக் கையை வெளியே எடுத்தாள். பக்கத்துப் பள்ளத்தில் இறங்கித் தடவினாள். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்தது அதற்கு முன்பே விழுந்திருந்தது. புல் மட்டும் தண்ணீரில் மிதந்தது.

அந்த நேரம் பார்த்து, தலையில் தொப்பியில்லாமல், சைக்கிளை வெகுதூரத்திலேயே திருப்பித் தயாராக நிறுத்திவிட்டு, செங்கோடன் நடந்து வந்தார்.

“சண்டைக்கு வரலீங்க. அந்தக் கரண்டி சர்க்கார் சொத்துங்க. அது இல்லாமப் போனா என் வேலையே போயிரும்.”

மாரக்காள் குடிசைக்குள் போய்க் கரண்டியைக் கொண்டுவந்தாள். கொடுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தன் கையாலேயே ஒரு கரண்டி மொண்டாள். துரும்புபோல நாலைந்து படுத்திருந்தன. விரலால் தொட்டாள். துரும்பு துள்ளி ஓடியது.

“இதானா?”

“அதானுங்க.”

“நான் ஒண்ணு கேக்கறேன். நேராச் சொல்லோணும். பள்ளத்தை மூடித்தான் ஆகோணுமா, தண்ணி வடிஞ்சாப் போதுமா?”

செங்கோடன் விழித்தார். அவரிடம் இதுவரை யாரும் யோசனை கேட்டதில்லை, ஓடத்தான் விட்டிருக்கிறார்கள். “தண்ணி வடிஞ்சு காஞ்சுட்டாலே போதுமுங்க. தண்ணி இல்லாட்டி இதுக்கு ஏது பொழப்பு? மூடுனா அளவு போயிரும்னு நீங்க அன்னைக்கே எனக்கு வெளக்கிச் சொல்லியிருந்தா…”

“நீங்க கேட்டீங்களா?”

“கேக்கறதுக்குள்ளதான் என் தொப்பி போயிருச்சே!”

சென்றாயன் கரையிலிருந்து தொண்டையைக் கனைத்தார். “அட, மூடுனாலும் அவனுக்கு லாபம், மூடாட்டியும் அவனுக்கு லாபம். அவன் ஏன் மழை விடட்டும் விடட்டும்னான்னு இப்பத்தானே தெரியுது. சாட்சியைத் தண்ணி திங்குது. கொழந்தைகளைக் கொசு திங்குது. ரெண்டுக்கும் பந்தி வெச்சது அந்த ஓடைவாய் அடைப்பு.”

எல்லோரும் திரும்பி, மண்ணடித்து மூடிய ஓடைவாயைப் பார்த்தார்கள். அதை அடித்து மூடியதும் அவர்கள் கைகள்தாம். அத்தாயி அந்த மண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாத்திரையைப் பற்றி மாரக்காளுக்கு இன்னும் சந்தேகம். “மொதல்ல நீங்க ஒண்ணு முழுங்குங்க” என்றாள். செங்கோடன் முழுங்கினார். அவர் முகம் போன கோணலைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. நடிக்கிறவன் இவ்வளவு அசிங்கமாக முகத்தைச் சுளிக்கமாட்டான். குழந்தைக்கு எவ்வளவு என்று அவர் சொன்னபடி உடைத்து, நசுக்கி, வெல்லத்தில் குழைத்து ஊட்டினாள். ராசம்மாள் துப்பியதில் பாதி செங்கோடனின் காக்கிச் சட்டையில் விழுந்தது. மறுபடி குழைத்தாள். அதன்பிறகு, பள்ளத்தில் எறியாமல் முந்தானையில் முடிந்துவைத்திருந்த மற்ற மாத்திரைகளை ஒவ்வொரு குடிசையாகக் கொண்டுபோய்த் தானே நின்று கொடுக்கவைத்தாள்.

மறுநாள் விடியற்காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஆனால் கரை உயரவில்லை, தாழ்ந்தது. ஓடைவாயில் ஆண்கள் வரிசையாக நின்று மண்வெட்டியை இறக்கினார்கள். பெண்கள் கூடை கூடையாக மண்ணைத் திரும்ப வாரினார்கள். போடும்போது இருந்த கனம் எடுக்கும்போது இல்லை. ராசம்மாள் காய்ச்சல் விட்ட நாளின் சோர்வோடு மாரக்காளின் இடுப்பில் துவண்டிருந்தாள்.

கார் இருமியது. மருதாசலம் வந்தவேகத்தில் வெட்டின் விளிம்புவரை வந்து, பிரேக்கைப் போட்டு, காருக்கு முன்னால் அவனே குதித்தான்.

“டேய் சடையா! சர்க்கார் ரோட்டையா வெட்டறே?”

“சர்க்காரு இங்க பாலமல்லீங்களா கட்டச் சொல்லிச்சு?” என்றான் சடையன். “பாலத்துக்கு அடியில தண்ணி போவுமுங்க. அந்த அடிப்பாகத்தை இப்பவே போட்டுட்டோம். மேல்பாகம் உங்க பொறுப்பு.”

“கூலி ஒரு காசு கெடையாது. ஞாபகம் இருக்கட்டும்!”

“இதுவரைக்கும் கெடைச்சாப்பலயும் இல்லீங்களே. அளந்து குடுங்க. அளந்ததும் பள்ளத்தை நாங்களே மூடிக் குடுக்கறோம். அதுவரைக்கும் கரையில ஒரு கூடை மண்ணு ஏறாது.”

மருதாசலம் குரலை இறக்கினான். “கொழந்தைகளுக்குக் காச்சல்னு சொல்லியிருந்தா நான் பாக்கமாட்டனா? காச்சல் எல்லா ஊர்லயும்தான் இருக்குது.”

மண் வாரிக்கொண்டிருந்த அத்தாயி நிமிர்ந்தாள். “எல்லா ஊர்லயும் நீங்கதான் ஓடையை அடைச்சீங்களாட்ட இருக்குதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மருதாசலத்தின் கண் கூட்டத்துக்குள் தேடிச் செங்கோடனைப் பிடித்தது. “நீங்க சர்க்கார் ஆளு. இதைப் பாத்துட்டு நிக்கறீங்க?”

செங்கோடன் ஓரடி முன்னால் வந்தார். கரண்டியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ரோடு வெட்டறது என் வேலை இல்லீங்க. ஆனா, தேங்குன தண்ணி ஓடறதைத் தடுக்கறதும் என் வேலை இல்லீங்க. ரெண்டையும் கேட்டா அப்படியே சொல்லுவேன்.”

“போலீசைக் கூட்டிட்டு வாரேன். அப்பப் பாக்கலாம்.”

“ஓவர்சீயரையும் கூட்டிட்டு வாங்க” என்றார் சென்றாயன். “காருலதான் எடமிருக்குதே.”

கார் திரும்ப இடமில்லை. வந்த வழியே பின்பக்கமாக, கரை நெடுக இருமிக்கொண்டு போயிற்று. இதைப் பார்த்த, கிழக்கே அடுத்த துண்டுக் கரையில் வேலை செய்யும் கூலிக்காரர்கள், இவர்களோடு முகம்கொடுத்துப் பேசாதவர்கள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வந்தார்கள். “எங்க பள்ளத்துலயும் தண்ணி நிக்குது” என்றான் அவர்களில் ஒருவன், யாரிடம் சொல்வது என்று தெரியாமல். சென்றாயன் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.

வெட்டு உடைந்து முதல் தண்ணீர் பாய்ந்தது. கலங்கி, நுரைத்து, ஓடைக்குள் தலைதெறிக்க ஓடியது. பள்ளங்களில் மட்டம் இறங்க இறங்கச் சாட்சிகள் எழுந்தன. கழுத்து வந்தது, தோள் வந்தது, கடித்துத் துப்பிய கரும்புபோல இடுப்பும் வந்தது. விழுந்தவை போக மீதி நின்றன. எப்படி நிற்கின்றன என்று அவற்றுக்கே தெரியாது.

அப்போது கரையின் ஒரு பக்கம் ஈரம் தாங்காமல் சரிந்து, வெட்டுக்குள் விழுந்தது. பாய்ந்த தண்ணீர் முட்டி நின்று, பின்னோக்கி ஏறத் தொடங்கியது. “வாரு! வாரு!” என்று ஆட்கள் குதித்தார்கள். மேற்கே, எருமப்பட்டிப் பக்கம், ஏதோ அசைந்து வந்தது. அது காரோ, போலீசோ, மாட்டுவண்டியோ, இங்கிருந்து தெரியவில்லை.

மாரக்காள் கையில் கூடை இருந்தது. இடுப்பில் பிள்ளை இருந்தது. திரும்பிப் பார்த்தாள். கரைமேல் அத்தாயி ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் வழக்கம்போல ராசம்மாள்மேல் இருந்தது, மாரக்காள் பார்த்ததும் சட்டென்று கீழே போயிற்று.

மாரக்காள் நேராக அவளிடம் போய்ப் பிள்ளையை நீட்டினாள். “புடி.”

அத்தாயி கையை நீட்டவில்லை. “எங்கிட்டயா? கண்ணு பட்டுரும்புள்ள.”

“கண்ணு படறது கெடக்குது. கொசு படாமப் பாத்துக்க.”

அத்தாயி பிள்ளையை வாங்கித் தன் முந்தானையால் தலைமுதல் கால்வரை போர்த்தினாள். அவள் போர்த்தியது சரியாக இருக்கிறதா என்று மாரக்காள் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு கூடையோடு சரிவில் இறங்கினாள்.